பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஓர் அகப்பக்கம்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் பெம்பான் என்றோர் ஊர் உண்டு. அப்பெயரில் ஒரு செடியும் உண்டு. ஈர நிலத்தில் புதராய் வளரும் அச்செடியின் தண்டைப் பிளந்து நாராக்கிப் பாயும் கூடையும் பின்னுவது மலாய்க் கிராமத்தாரின் பழைய கைத்தொழில். ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரங்கள் நிரை நிரையாய் நின்றன. இன்று செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகளில் பிறந்தவர்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பெரட்டுக்குக் கூப்பிட்ட மணியோசையை அறிந்தவர்கள் இன்று பாட்டன் பாட்டிகளாய் வாசலில் அமர்ந்திருக்கின்றனர்.

அத்தகைய தாமான் வீடொன்றில், விடியற்காலை மூன்று மணிக்கு, ஓர் இளைஞர் பிறந்து பதினொரு நாளே ஆன பெண் மகவை இடக்கையில் தாங்கியபடி, வலக்கைக் கட்டைவிரலால் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து வளர்ந்தவர். மலாக்கா நகரில் ஓர் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ் வடிவமைப்பவராய்த் தொழிலைத் தொடங்கி, பின்னர் சிறு வணிகர்களுக்கு அகப்பக்கம் அமைத்துத் தருபவராய் உயர்ந்தவர். பூக்கடைக்கும் வாடகைப் பந்தலுக்கும் பக்கம் செய்து கொடுத்த அவருக்கு, மனைவி கருவுற்றிருந்த நாளில் ஒரு புதுக்கருத்து உதித்தது. புதிதாய்த் தாய் தந்தையர் ஆகின்றவர்கள் தாங்களே தங்கள் குழந்தைக்கு ஓர் அகப்பக்கம் அமைத்துக்கொள்ள உதவும் சேவை ஒன்றைத் தொடங்கினால் என்ன? கணினி அறிவு வேண்டாம். ஆயத்த வார்ப்புருவில் ஒன்றைத் தேர்ந்து, பெயரையும் படத்தையும் இட்டால் போதும். ஆறு மாதம் இரவும் பகலும் உழைத்து அதனை அவர் உருவாக்கினார்.

வார்ப்புருக்கள் பதினான்கு. ஆண் குழந்தைக்கு நீலம், பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு. முகப்பிலே துணிமூட்டையை அலகில் கவ்விப் பறந்து வரும் நாரை. பிள்ளையை நாரை கொண்டுவந்து தருவதாகச் சொல்வது ஐரோப்பியர் வழக்கு. அயல்நாட்டு வார்ப்புருக்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் பிழை தோன்றவில்லை. அதனை முதன்முதலில் கண்ட அவருடைய தாயார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏன்டா தம்பி, புள்ள பொறந்த வீட்டுல எதுக்குடா கொக்கு? இது என்ன கொளமா?"

மகன் சிரித்தார். ஆனால் நாரையை எடுக்கவில்லை. அதை எடுக்க வைத்தது அந்தப் பதினோராம் நாள் விடியற்காலைதான்.

தம் மகளுக்குத் தம் சேவையிலேயே ஒரு பக்கம் திறக்கலாம் என்று அவர் அமர்ந்தார். முதலில் பதிவுப் படிவம். அதில் பதினொரு வினாக்கள். கடவுச்சொல்லில் பெரிய எழுத்தொன்று, எண்ணொன்று, குறியொன்று வேண்டும் என்றது. ஒற்றைக் கட்டைவிரலால் தட்டித் தட்டி ஏழாம் வினாவை எட்டியபோது குழந்தை சிணுங்கிற்று. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, துணியை மாற்றி, மனைவியிடம் கொடுத்துப் பாலருந்த வைத்து, மீண்டும் எடுத்தபோது எழுதியவை அனைத்தும் மறைந்திருந்தன. பக்கம் காலாவதியாகிவிட்டதாம்! அக்கட்டுப்பாட்டை விதித்தவர் அவரே. பாதுகாப்புக்காக அரை மணி நேர எல்லை வைத்திருந்தார். படுக்கையில் சாய்ந்திருந்த மனைவி அரைக்கண் திறந்து சொன்ன சொல்லை அவர் பிற்காலத்தில் பலரிடம் சொல்லிச் சிரித்ததுண்டு:

"என்னங்க, இத செஞ்சவருக்கு ரெண்டு கையும் சும்மா இருந்திருக்கும் போல."

எந்தக் கருவியையும் செய்பவர் ஒரு மனிதரை மனத்தில் நிறுத்தியே செய்கிறார். அந்த மனிதர் பெரும்பாலும் அவரைப் போலவே இருந்துவிடுகிறார்: நன்றாக உறங்கி எழுந்தவர், மேசை முன் அமர்ந்தவர், இரு கையும் ஓய்ந்தவர். பிள்ளை பிறந்து பத்து நாளான வீட்டிலோ அப்படி ஒருவரும் இருப்பதில்லை. தாய்க்குத் தையல் ஆறவில்லை; தந்தைக்கு உறக்கமில்லை. மலேசியாவில் 2023ஆம் ஆண்டு முதல் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தனியார்துறையில் தந்தைக்கும் ஏழு நாள் விடுப்புச் சட்டமாயிற்று. அந்த ஏழு நாளும் எப்படிக் கழிந்தன என்று எந்தத் தந்தையைக் கேட்டாலும் தெளிவாகச் சொல்ல மாட்டார்.

மறுவாரம் அவர் சேவையைப் பிரித்துப் போட்டு மீண்டும் கட்டலானார். பதினொரு வினாக்கள் ஒன்றாயின: குழந்தையை என்னவென்று அழைக்கிறீர்கள்? அதுவும் கட்டாயமில்லை, பெயர் வைக்காத வீட்டில் 'பாப்பா' போதும். எழுத எழுத ஒவ்வோர் எழுத்தும் கைப்பேசியிலேயே தானாகச் சேமிக்கப்பட்டு, இணையத் தொடர்பு கிடைக்கும்போது தளத்துக்குப் போய்ச் சேரும். பாதியில் விட்டு மூன்று நாள் கழித்து வந்தாலும் விட்ட வரியில் தொடரலாம். பொத்தான்கள் யாவும் கட்டைவிரல் எட்டும் கீழ்ப்பகுதிக்கு வந்தன. வெள்ளை வெளேரென ஒளிர்ந்த பின்னணி, இருட்டறையில் உறங்கும் குழந்தையின் முகத்தில் வெளிச்சம் அடிக்காதபடி கருநிறமாயிற்று. கைப்பேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் மூன்று நான்கு மெகாபைட் வரும். தோட்டப்புறத்தில் தொடர்பு மெலிந்த இடங்களில் அது ஏறுவதற்குள் பொறுமை இறங்கிவிடும். ஆகவே அனுப்புமுன் கைப்பேசியே அதனைச் சுருக்குமாறு செய்தார். சுருக்கும்போது படத்தோடு ஒட்டி வரும் மறைக்குறிப்புகளையும் நீக்கினார். எடுத்த நாளும் நேரமும் மட்டுமன்றி, எடுத்த இடத்தின் நிலக்கோடும் அகலக்கோடும்கூடப் படக்கோப்பில் பொதிந்திருக்கும் என்பதைப் பெற்றோர் பலர் அறியார். குழந்தையின் படத்தை வெளியிடுகிறவர் வீட்டு முகவரியையும் சேர்த்து வெளியிட்டு விடுகிறார்.

பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. அயல்நாட்டு வார்ப்புருக்கள் 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என இரு கட்டங்கள் வைத்திருக்கும். இரண்டாவதை நிரப்பாவிட்டால் மேலே செல்ல விடா. தமிழருக்கேது குடும்பப்பெயர்? நம்மவர்க்கு வாய்த்தது தந்தை பெயரும், இந்நாட்டுப் பதிவில் இடையே நிற்கும் ஏ/எல், ஏ/பி என்னும் குறிகளுமே. கட்டம் கேட்கிறதே என்று தந்தை பெயரைக் குடும்பப்பெயராக இட்டு, பிள்ளைக்கு வரும் மடலெல்லாம் தகப்பனார் பெயருக்கு வரக் கண்ட வீடுகள் எத்தனையோ!

இதில் அவருக்குச் சொந்தக் கசப்பும் உண்டு. அவர் தந்தையாரின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் மற்றொரு பெயர். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்ததை எழுதினார். பதிவிலாகா எழுத்தர் கண்ணில் பட்டதை எழுதினார். முருகன் என்ற எளிய பெயர்கூட ரோமன் எழுத்தில் நான்கு வடிவம் பெற்ற காலம் அது. இன்று தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். அந்த அறுபது நாளுக்குள் ஒரு பெயரைத் தேர்ந்து, அதற்கு ஒரு ரோமன் எழுத்துக்கூட்டலையும் முடிவு செய்துவிட வேண்டும். பின்னர் மாற்றுவது பெரும்பாடு. ஆகவே அவர் தம் சேவையில் பெயரைத் தமிழில் எழுதினால் அதற்குரிய பல ரோமன் வடிவங்களை அடுத்தடுத்துக் காட்டும் பகுதி ஒன்றைச் சேர்த்தார். பெற்றோரிடம் மிகுந்த வரவேற்புப் பெற்றது அதுவே என்று பிற்பாடு தெரிந்தது. பதினான்கு வார்ப்புருக்களை எவரும் பொருட்படுத்தவில்லை.

தமிழ் எழுத்தே ஒரு தனிப் பாடு. ஆங்கிலத்தின் நான்கு எழுத்துச் சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்த பொத்தானில் 'சேமிக்கவும்' என்று எழுதினால் பாதி வெளியே தொங்கும். வரிகளுக்கிடையே போதிய இடைவெளி இல்லாத தலைப்பில் மேல்விலங்குச் சுழி வெட்டுண்டு, 'கீ' என்பது 'கி' போலத் தோன்றும். இவையெல்லாம் இன்றைய சிறு இடர்கள். முன்னோர் பட்ட பாடு பெரிது. 1995இல் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றியபோது, படிப்பவர் தம் கணினியிலும் அதே எழுத்துருவை நிறுவினாலன்றித் தமிழ் தெரியாது. இணையம் என்னும் சொல்லையே அவர்தாம் தந்தார் என்பர். நம் நாட்டின் கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கி, பிற்காலத்தில் செல்லினத்தின் வழியே கைப்பேசிக்கும் தமிழைக் கொண்டுவந்தார். 2001இல் கோலாலம்பூரில் உலகத் தமிழ் இணைய மாநாடு கூடியது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு என்ற நிலை மாறி ஒருங்குறி நிலைபெற்ற பின்னரே, பெம்பானிலிருந்து ஒரு தாய் எழுதும் வரி சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தாய்மாமனின் கைப்பேசியில் சிதையாமல் விரிகிறது. பதினோராம் நாள் இரவு தமிழில் 'பாப்பா' என்று தட்டியவர் எவரும் அந்தப் பெயர்களை நினைத்திருக்க மாட்டார். அதனாலென்ன, மின்விளக்கைப் போடும்போது யார்தான் எடிசனை நினைக்கிறார்?

குழந்தைக்கு அகப்பக்கம் என்பது புதுமையன்று. 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்னும் தளம், எவரும் இலவசமாகப் பக்கம் அமைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. தளத்தை ஒரு மாநகராய்க் கற்பனை செய்து, பேட்டை பேட்டையாய்ப் பிரித்திருந்தனர். குடும்பத்தையும் பிள்ளைகளையும் பற்றி எழுதுவோருக்கான பேட்டையின் பெயர் ஹார்ட்லேண்ட். முதல் பல் முளைத்ததையும் முதல் அடி வைத்ததையும் தாய்மார்கள் அங்கே எழுதிக் குவித்தனர். 1999இல் யாஹூ நிறுவனம் அதனைப் பெருந்தொகைக்கு வாங்கிற்று. 2009 அக்டோபர் 26ஆம் நாள் இழுத்து மூடிவிட்டது. ஆர்வலர்கள் சிலர் இரவும் பகலும் படியெடுத்து ஒரு பகுதியைக் காப்பாற்றினர். எஞ்சியவை போயின.

இதனைப் படித்தறிந்த இளைஞருக்கு ஓர் அச்சம் பிறந்தது. தம் சேவை எத்தனை ஆண்டு நிலைக்கும்? பத்தா, பதினைந்தா? பக்கத்தில் எழுதிய அனைத்தையும் ஒரே தொடுதலில் அச்சிடத்தக்க ஏடாக இறக்கிக்கொள்ளும் வழியை அப்போதே அவர் அமைத்தார். அதற்கு முன்மாதிரி அவர் வீட்டிலேயே இருந்தது. அவருடைய தாயார் ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகம் வைத்திருந்தார். தோட்டத்துக் கடையில் வாங்கியது. அட்டை எண்ணெய்ப் பிசுக்கேறியது. பெற்ற பிள்ளைகளின் பிறந்த நாள், நேரம், எடை, ஊசி போட்ட தேதி, முடி எடுத்த கோயில், ஆயாக்கொட்டகையில் முதன்முதல் விட்ட நாள் எல்லாம் சாய்ந்த கையெழுத்தில் இருந்தன. விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய ஒரு பால்வெட்டுத் தொழிலாளி, கொட்டகைத் தூளியில் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போன ஒருத்தி, எப்பொழுது இவற்றை எழுதினார் என்பதே வியப்பு. லயத்திலிருந்து தாமானுக்கு வந்தபோது எத்தனையோ பொருள் தொலைந்தன; அந்த நோட்டுப்புத்தகம் தொலையவில்லை. அதில் நான்கு பிள்ளைகளுக்கு நான்கு பக்கம் இருந்தது. வீட்டில் வளர்ந்தவர்களோ மூவர். இரண்டாம் பக்கத்தில் ஒரு தேதியும், ஒரு பெயரும், அதன் கீழே ஒரு கோடும் மட்டும். இளைஞர் சிறுவயதிலேயே அதைப் பார்த்திருக்கிறார். ஒருபோதும் கேட்டதில்லை.

வணிக உலகம் புதுப் பெற்றோரை ஏன் இத்துணை விரும்புகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மனிதர் வாழ்நாள் முழுதும் ஒரே கடையில் ஒரே சவர்க்காரத்தை வாங்குவர். பிள்ளை பிறக்கும் காலத்தில்தான் அப்பழக்கம் தளர்கிறது. அப்போது பிடித்தால் உண்டு. அமெரிக்காவின் டார்கெட் என்னும் அங்காடி நிறுவனத்தைப் பற்றி 2012இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் எழுதியது. ஏறக்குறைய 25 பொருள்களின் விற்பனையைக் கூர்ந்து பார்த்து, எந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள், எப்போது பிள்ளை பிறக்கும் என்று அந்நிறுவனத்தின் புள்ளியியலார் கணித்தனராம். கணித்ததை அவள் அறிந்தால் மிரள்வாள் என்பதற்காகக் குழந்தைத் துணி விளம்பரத்தின் அருகே புல்வெட்டும் பொறியின் விளம்பரத்தையும் கலந்து அனுப்பினராம்! புல்வெட்டும் பொறிக்கு அப்படியும் ஒரு பயன்.

இளைஞரிடமும் அத்தகையோர் வந்தனர். பால்மாவுக் கடைக்காரர் ஒருவர், குழந்தைப் படம் எடுக்கும் நிலையத்தார் ஒருவர். பெற்றோரின் கைப்பேசி எண்களைக் கொடுத்தால் பணம் தருவதாகச் சொன்னார்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாட்டில் இணக்கமின்றி அப்படிக் கொடுக்க இயலாது என்பது ஒருபுறம். அவர் தாயார் சொன்னது மறுபுறம். பேத்தியின் படத்தை ஊரறியப் போட அவர் ஒப்பவேயில்லை. முப்பது கழியுமுன் பிள்ளை முகத்தை வெளியாருக்குக் காட்டலாகாது, காட்டினால் கண்பட்டுவிடும். கன்னத்தில் மை, காலில் மை, கையில் வசம்பு வளையல். படித்த மருமகள் முதலில் முகம் சுளித்தாள். பின்னர் கணவர் ஓர் ஆய்வை எடுத்துக் காட்டினார். 2010இல் ஏவிஜி நிறுவனம் வளர்ந்த நாடுகள் சிலவற்றின் தாய்மாரிடம் நடத்திய ஆய்வில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 81 விழுக்காட்டினருக்கு இணையத்தில் ஏதோ ஒரு தடம் பதிந்திருந்தது. பேசத் தெரியாத பிள்ளைக்குப் பின்னால் அழிக்க முடியாத ஒரு வரலாறு!

"அத்தை சொல்றதும் ஒரு வகையில சரிதாங்க" என்றாள் மனைவி.

கண்ணேறு உண்டா இல்லையா என்பது இங்கே வழக்கில்லை. ஆனால் அந்த மூதாட்டியின் விதி அப்படியே சேவையின் விதியாயிற்று. பக்கம் திறக்கும்போது பூட்டியே திறக்கும். பெற்றோர் அழைத்த உறவினர் மட்டுமே உள்ளே வரலாம். தேடுபொறிகளுக்கு அனுமதியில்லை. நாரை பறந்து போயிற்று. அதன் இடத்தில் புடவைத் தூளியின் கோட்டோவியம் ஒன்று வந்தது. பாட்டி பாடும் தாலாட்டைப் பதிந்து வைக்கவும் ஓர் இடம் வைத்தார்கள்.

சேவை மெல்லப் பரவிற்று. பெம்பானில் சில குடும்பங்கள், ஜாசினில் சில, மெர்லிமாவில் சில. கருவுற்ற காலத்திலேயே பதிந்துகொள்ளும் வசதியையும் இளைஞர் கொடுத்திருந்தார். மருத்துவர் குறித்த பேறுகாலத் தேதியைக் கொடுத்துவிட்டால், வாரம் தோறும் ஒரு சிறு செய்தி புலனத்தில் வரும். அமெரிக்காவின் பேபிசென்டர் போன்ற தளங்கள் 1990களின் இறுதியிலிருந்து பின்பற்றும் முறை அது. குறித்த தேதி வந்ததும் ஒரு வாழ்த்துச் செய்தி தானாகப் போகும். இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் தடுப்பூசி நினைவூட்டும் செய்திகள் போகும். யாவும் தானியங்கி. இளைஞர் உறங்கும்போதும் அவை உழைத்தன. அதில் அவருக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

ஒரு காலைப்பொழுதில், அவ்வாறு சென்ற வாழ்த்துக்கு ஒரு மறுமொழி வந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டும் ஒருவரிடமிருந்து. ஒரே வரி.

"அண்ணே, புள்ள தவறி இருவது நாளாச்சு."

ஏழாம் மாதத்திலேயே பிறந்த குழந்தை. மலாக்காப் பெரிய மருத்துவமனையில் கண்ணாடிப் பேழைக்குள் சில வாரம் இருந்து அடங்கிவிட்டது. கணினிக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது குறித்த தேதி ஒன்றே. அந்தத் தேதி வந்ததும், 'உங்கள் இல்லத்தில் புது மலர் பூத்துவிட்டதா? வாழ்த்துகள்!' என்று பூக்கள் தூவி அது அனுப்பியிருந்தது. அச்சொற்களை எழுதியவர் இளைஞரே. எழுதிய நாளில் அவை அழகாயிருந்தன.

அவர் அன்று வேலைக்குப் போகவில்லை. முதலில் தானியங்கிச் செய்திகளை அனைவருக்கும் நிறுத்தினார். பின்னர், அந்தத் தம்பதியரின் பக்கத்தை முழுதாக அழித்துவிடலாம் என்று எண்ணினார். கண்ணில் படாதிருப்பதே நல்லது என்று அவருக்குத் தோன்றிற்று. விரல் பொத்தானுக்குப் போன நேரத்தில் தாயார் வந்து விவரம் கேட்டார். கேட்டுவிட்டு, "ஒண்ணும் பண்ணாத. மொதல்ல போயி பார்த்துட்டு வருவோம், கிளம்பு" என்றார்.

எஞ்சியிருக்கும் பழைய லயத்து வீடுகளில் ஒன்று அது. ஆடவர் இருவரும் வெளியே நின்றனர். ஒருவரை ஒருவர் பார்க்காமல் செம்பனைக் குலைகளின் விலையைப் பற்றிச் சிறிது பேசினர். அம்மூதாட்டி உள்ளே போய் அந்தப் பெண்ணின் அருகே தரையில் அமர்ந்தார். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளிருந்து அழுகை கேட்டது. இரு குரல்களில் கேட்டது.

புறப்படும் வேளையில் இளைஞர், பக்கத்தை நீக்கிவிடுவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பெண் பதறிவிட்டாள்.

"வேணாண்ணே! அதுல அவன் படம் ரெண்டு இருக்கு. பேரு எழுதியிருக்கோம். அத எடுத்துடாதீங்க. அந்த வாழ்த்து மட்டும் வராம பண்ணிடுங்க, போதும்."

பெயர் சொல்லி அழைத்த நாள்கள் சிலவே. அப்பெயர் எழுதப்பட்ட இடங்களும் சிலவே. அவற்றுள் ஒன்றை இரக்கத்தின் பெயரால் அழிக்க இருந்தார் அவர்.

உலகில் இத்துன்பத்துக்கு ஆளானவர் அவள் ஒருத்தியல்லள். 2018 இறுதியில் வாஷிங்டன் போஸ்ட் இதழில் பணியாற்றிய ஜில்லியன் பிராக்கெல் என்னும் பெண்மணி, தம் குழந்தை இறந்தே பிறந்த பின்னும் குழந்தைப் பொருள் விளம்பரங்கள் தம்மைத் துரத்தியதைப் பற்றித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். நான் கருவுற்றிருப்பதை அறியும் அளவுக்குத் திறமையுள்ள நீங்கள், என் குழந்தை இறந்ததை அறியும் திறமை பெறவில்லையா என்பதே அவர் வினாவின் சாரம்.

இதற்கு நேர்மாறான தொடக்கமும் உண்டு. 1997 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சோனா மேரிங் என்பவர், தம் தோழிக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தபோது, செய்தியை ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதற்கு மாறாக ஓர் அகப்பக்கம் அமைத்தார். தாய் ஒருமுறை எழுதினால் போதும். உற்றார் அனைவரும் படிப்பர், ஆறுதல் எழுதுவர். அக்குழந்தை நெடுநாள் வாழவில்லை. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து கேரிங்பிரிட்ஜ் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு வளர்ந்தது. புதுப் பெற்றோருக்கென எழுந்த அகப்பக்கங்களுள் பயன் மிக்கதொன்று, மகிழ்ச்சியை அறிவிக்க எழவில்லை. அதே செய்தியை ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதற்கு மாற்றாக எழுந்தது அது.

வீடு திரும்பிய அன்று மாலை, மூதாட்டி பெட்டியைத் திறந்து அந்த நோட்டுப்புத்தகத்தை எடுத்துவந்து மகன் முன் வைத்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். தேதி, பெயர், கோடு.

"ஒனக்கு மூத்தவன். ஒன்பது மாசம் இருந்தான். காய்ச்சல். அப்ப ஒங்கப்பா இந்தப் பக்கத்தக் கிழிச்சிடுன்னாரு. நான் கிழிக்கல. அதுக்குக் கீழ ஒண்ணும் எழுதவும் இல்ல."

மகன் அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் அது எப்படியோ அவ்வாறே சேவையிலும் ஒரு வழி அமைத்தார். பொத்தான் ஒன்று. அதை அழுத்தினால் வாழ்த்துகள் நிற்கும். வயதுக் கணக்கு நிற்கும். தடுப்பூசி நினைவூட்டல் நிற்கும். எழுதியவை மட்டும் அப்படியே இருக்கும். மேலும் எழுத விரும்பினால் எழுதலாம். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று எவரும் கேட்க மாட்டார்கள்.

வழி அமைக்க ஒரு நாள் ஆயிற்று. அப்பொத்தானின் மேல் எழுத ஒரு சொல் தேட மூன்று வாரம் ஆயிற்று. 'நீக்கு' என்பது கொடிது. 'முடக்கு' என்பது கணினித் தமிழ். அழுகின்ற கண்ணுக்கு அது புரியாது. 'நிறுத்து' என்பது கட்டளை. எதை நிறுத்துவது என்ற கேள்வியையும் எழுப்பும். 'அமைதி' என்று இளைஞர் எழுதிப் பார்த்தார். மனைவி படித்துவிட்டு, கல்லறையில் எழுதுவதைப் போல இருக்கிறது என்றாள். இறுதியில் அந்த லாரி ஓட்டுநரின் மனைவியையே கேட்டார்கள். அவள் தொலைபேசியில் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்பு சொன்னாள். அவள் சொன்னது அப்படியே பொத்தானில் ஏறிற்று: 'இனி நினைவூட்ட வேண்டாம்.' சொல் நீளமாய் இருந்ததால் பொத்தானை அகலமாக்க வேண்டியதாயிற்று.

வாழ்த்துகளை மீண்டும் தானியங்கியாய் விடவில்லை. பிள்ளை பிறந்த செய்தியைப் பெற்றோரே வந்து எழுதினாலன்றி எந்த வாழ்த்தும் போவதில்லை. இதனால் சேவை முன்போலச் சுறுசுறுப்பாய் இல்லை என்றும், வாரச் செய்தி நின்றதால் சிலர் திரும்பி வருவதில்லை என்றும் நண்பர்கள் சொன்னார்கள். கணக்கைப் பார்த்தால் அது உண்மைதான். அவர் அதற்காகப் பூக்கடைகளுக்கும் பந்தல்காரர்களுக்கும் சற்றுக் கூடுதலாகப் பக்கங்கள் செய்து கொடுத்தார்.

அவர் மகளுக்கு எட்டாம் மாதம் நடந்தது. ஓரிரவு தளத்தின் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, நிறுத்தப்பட்ட பக்கங்களுள் ஒன்றில் புதிதாய் ஏதோ எழுதப்பட்டிருப்பதாய்க் குறி தெரிந்தது. எந்த வீட்டின் பக்கம் என்பது எண்ணைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்தது. தளத்தை நடத்துபவர் என்ற முறையில் திறந்து படிக்க இயலும். ஆனால் அந்த வீட்டார் அவரை அழைத்திருக்கவில்லை. அவர் திறக்கவில்லை. எழுதியது ஒழுங்காய்ச் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். சேமிக்கப்பட்டிருந்தது. உள்ளறையில் தூளி அசைந்தது, மகள் சிணுங்கினாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்.